வா என்னும் வினை

தமிழில் ஒழுங்காக நடக்காத வினைகளில் 'வா' ஒன்று. ஏவலில் வா; எதிர்காலத்தில் வருவேன்; இறந்தகாலத்தில் வந்தேன். ஒரே வினை நெடிலாகிறது, குறிலாகிறது, ரகரத்தை ஏற்கிறது, விடுகிறது. 'தா'வும் அப்படியே: தருவேன், தந்தேன். பாதியில் நின்ற பல்கலைக்கழகப் படிப்போடு ரொறன்ரோ உணவகங்களில் கோப்பை கழுவும் எங்களுக்கு, இந்தக் கோணலுக்கும் ஒரு காரணம் உண்டு என்று அறிவதே ஆறுதல்.

கன்னடத்தில் இதன் வகரம் பகரமாகி 'பா, பரு, பந்து' என நிற்கிறது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகூய் மொழியிலும் 'பர்' என்ற அடி உண்டு. இத்தகைய வடிவங்களை ஒப்பிட்ட பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மூலத்திராவிடத்தில் இவ்வினையின் அகரத்துக்குப் பின்னே ஆய்தம் போன்ற ஒரு தொண்டை ஒலி இருந்தது என்று 2003இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். அது தேய்ந்தபோது 'வா' நீண்டது. ரகரம் தொடர்ந்த இடத்தில் 'வர்' குறுகியே நின்றது. இது கல்வெட்டில் கிடைத்த வடிவமல்ல, ஒப்பீட்டால் மீட்டெடுத்தது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலும் 'வருகிறேன்' தேய்ந்து 'வாறன்' ஆகும்போது நெடில் திரும்பவும் வந்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

உருவத்தைவிட வியப்பானது இதன் திசை. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறது தொல்காப்பியம். மலையாளிகள் இன்றும் எனக்கும் உனக்கும் 'தருவார்கள்', அவனுக்குக் 'கொடுப்பார்கள்'. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1904இல் பிறந்தவர் எமனோ. 1930களில் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிய அவர், 1945இல் திராவிட மொழிகளின் இந்த இரண்டு வினைகளைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

ஆகவே 'வா' வெறும் நடை அல்ல. நானோ நீயோ இருக்கும் இடத்தை நோக்கிய நடை. 'போட்டு வாறம்' என்று சொல்லிப் புறப்பட்டவர்கள் நாங்கள். தொலைபேசியில் தாயிடம் 'வாறம் அம்மா' என்றுதான் சொல்கிறோம். 'ஊருக்குப் போறம்' என்று அவரிடம் சொல்ல வாய் வராது. அவர் கண்மூடிய பின்னர், அதே ஊரைப் பற்றி 'ஒருக்காப் போகவேணும்' என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். தூரம் மாறவில்லை. முன்னிலை இல்லாமற் போயிற்று.

ஸ்காபுறோவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் வா, வருவேன், வந்தேன் என்று பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். அதோடு இதையும் சொல்லிவைப்போம்: பேசுபவரோ கேட்பவரோ இல்லாத இடத்துக்குத் தமிழில் வர முடியாது, போகத்தான் முடியும்.