காற்றும் கையும் கட்டடமும்: நோத்ர தாம் ஓர்கனின் மூன்று நாள்கள்

இசைக்கருவிகளுட் பெரும்பாலானவை கலைஞன் செல்லுமிடமெங்கும் அவனுடன் செல்வன. ஓர்கனோ தான் நிற்கும் கட்டடத்தை விட்டு அகலாதது. கலைஞனே அதனை நாடிச் செல்லல் வேண்டும். துருத்தியின் காற்று, வாசிப்போனின் கைகால்கள், ஒலியை ஏற்று எதிரொலிக்கும் கட்டடம் ஆகிய மூன்றும் இணையுமிடத்தே அதன் இசை பிறக்கின்றது. ஆதலின், குழாய்களை எண்ணுவதால் மட்டும் அதன் வரலாற்றை எழுதிவிடல் இயலாது. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய ஓர்கன் கண்ட மூன்று நாள்கள் இவ்வுண்மையை நன்கு புலப்படுத்துகின்றன.

முதலாவது, 1868ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர் விட்டுச்சென்ற குழாய்கள் பலவற்றைப் பேணியவாறே, அரிஸ்தீத் கவாயே-கோல் என்பார் ஐந்து விசைப்பலகைகளும் 86 குழாய்வரிசைகளும் கொண்டதாக அக்கருவியைப் புதுக்கியமைத்தார். விசைகளின் பளுவைத் தனிச் சிறுதுருத்திகள் தாங்குமாறு செய்தமையால், பல பலகைகளை ஒருங்கிணைத்த வேளையிலும் விரல்கள் எளிதில் இயங்கின. அன்றைய தொடக்க நிகழ்ச்சியிலே செசார் பிராங்க், சென்-சான்ஸ் முதலியோர் வாசித்தனர். வழிபாட்டுக்குத் துணைநின்ற கருவி, அன்று தனக்கென்றே கூடிய அவையையும் பெற்றது.

இரண்டாவது, 1937ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள். பிறவியிலேயே பார்வை பெரிதும் குன்றியவரான லூயி வியேர்ன் 1900ஆம் ஆண்டு முதல் அவ்வாலயத்தின் ஓர்கன் கலைஞராக விளங்கினார். அன்று அவர் அளித்தது அவரது 1750ஆவது இசையரங்கு எனக் கணக்கிடுவர். மேற்கு வாயிலுக்கு மேலுள்ள மாடத்தில் அமர்ந்து வாசிப்பவரைப் பீடத்தை நோக்கி அமர்ந்திருக்கும் அவையோர் காண்பதில்லை. ‘இறந்த குழந்தைக்கான நினைவுக்கல்’ எனப் பொருள்படும் தம் படைப்பை வாசித்து முடித்த வியேர்ன், முன்னாயத்தமின்றி இசை புனையும் பகுதியைத் தொடங்கவிருந்த தறுவாயிற் சாய்ந்து உயிர்நீத்தார். அருகில் அவருடைய மாணவர் மோரிஸ் துருப்ளே இருந்தார். சாய்ந்தவரின் பாதம் மிதிவிசையொன்றின் மேல் விழ, தாழ்ந்த ஒலியொன்று தனியே நீடித்ததென்பர். காற்றும் கட்டடமும் இருந்தன. கை மட்டும் ஓய்ந்துவிட்டது. ஒலி இருந்தது, இசை இல்லை.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் மூண்ட தீயிற் பேராலயத்தின் கூரையும் கூர்ங்கோபுரமும் அழிந்தன. ஓர்கன் எரியவில்லை; ஆயினும் ஈயத்தூசு படிந்து வாய்மூடிற்று. ஏறத்தாழ 8,000 குழாய்களும் 2020இற் கழற்றப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டன. அவற்றை மீளப் பொருத்திய பின்னரும் பணி முடிந்திலது. புதுப்பிக்கப்பட்ட அம்மண்டபத்தின் எதிரொலிக்கேற்ப ஒவ்வொரு குழாயின் குரலையும் செவியாற் சீர்செய்தல் வேண்டியிருந்தது. கட்டடப் பணிகள் ஓய்ந்த இரவின் அமைதியிலேயே அது நிறைவேறிற்று.

மூன்றாம் நாள் 2024ஆம் ஆண்டு திசெம்பர் 7. பேராயர் எட்டு முறை ஓர்கனை விளித்தழைக்க, ஓர்கன் கலைஞர் நால்வர் எட்டு முறையும் அப்பொழுதே புனைந்த இசையால் விடையிறுத்தனர். 1937இல் வியேர்ன் தொடங்கவியலாது போன கலை அதுவேயன்றோ? ஒரு கை ஓய்ந்த மாடத்திலே வேறு கைகள் தொடர்ந்து வாசித்து வந்தமையே அக்கருவியை உயிருடன் வைத்திருந்தது. பழையன காத்தல் என்பது பொருளைப் பூட்டி வைத்தலன்று. அதனை இயக்க வல்லாரைத் தலைமுறைதோறும் உருவாக்குதலுமாகும் என்பதை இம்மூன்று நாள்களும் உணர்த்தி நிற்கின்றன.