மலைச்சாலையில் பிரேக் திடீரென 'பிடிக்காமல்' போவது ஏன்? காரில் எதை மாற்றினால் பலன்?

கொல்லம் - தேனி தேசிய நெடுஞ்சாலை 183-ல் இருக்கும் வண்டிப்பெரியாரில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் இறக்கம்தான். கிழக்கே குமுளி தாண்டினால் லோயர் கேம்ப் வரை மலைப்பாதை. மேற்கே குட்டிக்கானம் தாண்டினால் முண்டக்கயம் வரை கொண்டை ஊசி வளைவுகள். இங்கே பிரேக்கை நம்பி வண்டி ஓட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக் ஏன் சூடாகிறது?

வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. குட்டிக்கானத்தில் இருந்து முண்டக்கயத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்தில் போகும் காரை 25 முறை முழுசா நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் அது. ஒரு பங்கை காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியைத் தாங்க வேண்டியது இன்ஜினா, பிரேக்கா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் அளவுக்கு மீறி சூடாகிவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ்கள் உருவாகியிருக்கலாம். இதுதான் அதிக ஆபத்து.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

1. பிரேக் ஆயில்: செலவு குறைவு, பலன் அதிகம். இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் இந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 ஆயிலுக்கு இது 205-ம் 140-ம். ஆகவே, கார் கையேட்டில் சொன்னபடி, பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

2. பேட்: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களில் ஓட்டுபவர்கள் அதிக வெப்பம் தாங்கும் பேட் போடுவார்கள். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் நல்லா பிடிக்கும். காலையில் குளிர்ந்த நிலையில், மழையில் நனைந்த மலைச்சாலையில் அது சரிப்படாது. தினசரி ஓட்டத்துக்குத் தரமான ரோடு பேட் போதும்.

3. டயர்: கடைசியில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிமானம்தான். தேய்ந்த டயரோடு எந்த பிரேக் போட்டாலும் பிரயோஜனமில்லை.

4. பெரிய டிஸ்க்: இது வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால், ஏற்கெனவே ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு பிரேக் பிடிக்கிறது என்றால், நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. முன்-பின் பிரேக் சமநிலை கெடவும் வாய்ப்புண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எனவே ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இறக்கத்தில் எப்படி ஓட்டுவது?

- ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ, இறங்கவும் அதே கியர். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடு.
- பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள்.
- பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கவே கூடாது. இன்ஜினை அணைத்தால், சில மிதிகளிலேயே பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.
- கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிரேக் பிடிக்கலைன்னா?

பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹார்னை விடாமல் அடியுங்கள். வேறு வழியே இல்லையென்றால், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்க மண் மேட்டில் உரசி நிறுத்துவதே உயிரைக் காக்கும்.