அழகாக ஆடத் தெரியாத வாத்தியார்

1994 மார்ச் மாதம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு ரெஸ்டாரன்ட். மேஜைக்கு இந்தப் பக்கம் ஆண்ட்ரே அகாஸி. வயது 23. விம்பிள்டன் ஜெயித்தவர். டி.வி. விளம்பரங்கள், உலகம் முழுக்க ரசிகைகள் என்று எல்லாம் உண்டு. ரேங்கிங் மட்டும் முதல் இருபதுக்கு வெளியே சரிந்து கிடந்தது!

அந்தப் பக்கம் பிராட் கில்பர்ட். வயது 32. அகாஸி கேட்டது ஒரே கேள்விதான்... ‘என் ஆட்டத்தில் என்ன கோளாறு?’

கில்பர்ட் சுற்றி வளைக்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் பிரமாதமாக அடிக்கணும்னு நினைப்பதுதான் கோளாறு என்றார். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரனாக தினம் தினம் நிரூபிக்க வேண்டாம். இன்றைக்கு எதிரே நிற்கிற ஒருத்தனை ஜெயித்தால் போதும். தப்பு செய்கிற வேலையை அவனிடம் விட்டுவிடு! அந்த ராத்திரியே, ‘இவர்தான் என் கோச்’ என்று அகாஸி முடிவு செய்துவிட்டார்.

இப்படிப் பேச கில்பர்ட்டுக்கு என்ன தகுதி?

1961-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். மிரட்டுகிற சர்வீஸ் கிடையாது. பார்த்தால் சொக்கிப் போகிற மாதிரி ஒரு ஷாட் கிடையாது. கண்ணும் மூளையும் மட்டும் உண்டு. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும், எதிராளிக்கு எது பிடிக்கும், எங்கே அடித்தால் தடுமாறுவான் என்று குறித்து வைத்துக்கொள்வார். அதை வைத்தே 20 பட்டங்கள், 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் வெண்கலம், 1990-ல் உலக ரேங்கிங்கில் 4-வது இடம்! 1987 யு.எஸ். ஓப்பனில் போரிஸ் பெக்கரிடம் முதல் இரண்டு செட்களை இழந்துவிட்டு, அடுத்த மூன்றையும் பிடுங்கினார். தன் வித்தையைப் புத்தகமாகவும் எழுதினார். பெயர் ‘வின்னிங் அக்லி’. அதாவது, அசிங்கமாக ஜெயிப்பது!

ஆனால், ஒரு குறை. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் கால் இறுதியைத் தாண்டி அவர் போனதே இல்லை.

அகாஸியிடம் இருந்தது கை. கில்பர்ட்டிடம் இருந்தது கண். இரண்டும் சேர்ந்ததும் என்ன ஆச்சு? அதே வருஷம் யு.எஸ். ஓப்பனில் தரவரிசைப் பட்டியலில்கூட இடம் இல்லாமல் நுழைந்த அகாஸி, கோப்பையோடு வெளியே வந்தார்.

ஜெயிக்கிறவனுக்கு கோச்சாக இருப்பது சுலபம். நிஜமான பரீட்சை 1997-ல் வந்தது. மணிக்கட்டில் காயம், மனசில் குழப்பம்... அகாஸியின் ரேங்கிங் 141! ‘ஒன்று, விட்டுவிடு. இல்லாவிட்டால், முதலிலிருந்து ஆரம்பி’ என்றார் கில்பர்ட். முன்னாள் நம்பர் ஒன், இளம் ஆட்டக்காரர்கள் மோதும் சின்னச் சின்ன ‘சேலஞ்சர்’ போட்டிகளில் ஆடினார். மேடு ஏறி மலைப் பயிற்சி, வியர்வை, மறுபடி அரிச்சுவடி. அடுத்த வருஷக் கடைசியில் ரேங்கிங் 6.

1999 பிரெஞ்சு ஓப்பன் ஃபைனல். எதிரே உக்ரைனின் மெத்வதேவ். அகாஸி 1-6, 2-6 என்று இரண்டு செட் காலி. நடுவே மழை குறுக்கிட்டபோது லாக்கர் ரூமில் அகாஸி புலம்ப, கில்பர்ட் வெடித்துவிட்டார். தோற்பதாக இருந்தால்கூட உன் ஆட்டத்தை ஆடிவிட்டுத் தோற்றுப் போ என்று ஒரே கத்தல்! மீதி மூன்று செட்களும் அகாஸிக்கு. நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்ற ஐந்தாவது ஆண் என்ற பெருமையும் அன்றைக்குக் கிடைத்தது. 2002-ல் இருவரும் பிரிந்தபோது, சேர்ந்து பெற்ற கிராண்ட் ஸ்லாம்கள் ஆறு.

2003 ஜூனில் ஆண்டி ராடிக் வந்தார். மூன்றே மாதத்தில் யு.எஸ். ஓப்பன், வருஷ முடிவில் நம்பர் ஒன். அடுத்த வருஷக் கடைசியில் அந்த உறவும் முடிந்தது.

எல்லோரிடமும் பலித்ததா? இல்லை. 2006-ல் பிரிட்டனின் ஆண்டி மர்ரேவிடம் போனார். ரேங்கிங் ஏறியது, ஆனால், ஒட்டவில்லை. அடுத்த வருஷமே பிரிவு. மர்ரேவுக்கு கிராண்ட் ஸ்லாம் கிடைத்தது 2012-ல், இவான் லெண்டல் கோச்சாக இருந்தபோது. ஒரே மருந்து எல்லா உடம்புக்கும் சேராது!

கடைசியாக 2023. கோகோ காஃப், வயது 19. விம்பிள்டன் முதல் சுற்றிலேயே தோற்று நின்ற பெண்ணுக்கு, பெரே ரீபாவோடு சேர்ந்து ஆலோசனை சொல்ல வந்தார் கில்பர்ட். இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பன் ஃபைனல். முதல் செட் சபலென்காவுக்கு. காஃப் பதறவில்லை. ஓடி ஓடிப் பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். தப்புகள் எதிர்ப்பக்கம் குவிந்தன. கோப்பை காஃபுக்கு!

காஃபும் ஒரு வருஷத்தில் பிரிந்துவிட்டார். கோச் வாழ்க்கை அப்படித்தான். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். வரம் வாங்கி வந்தவனுக்கு, தான் எப்படி ஜெயிக்கிறோம் என்பதே பல நேரம் தெரியாது. வரம் கிடைக்காதவன் ஒவ்வொரு பாயின்ட்டையும் யோசித்து யோசித்துச் சம்பாதிக்கிறான். அதனால்தான் அவனால் அதை இன்னொருவருக்குச் சொல்லித்தர முடிகிறது.

தன் கையில் ஒரு தடவைகூட வராத கோப்பையை, மூன்று பேர் கையில் ஏற்றி வைத்தவர் பிராட் கில்பர்ட்!