வீட்டு அடுப்பும் சட்டமும்: ஒரு கேக் கிளப்பிய கேள்வி

போன பதிவுக்கும் இந்தப் பதிவுக்கும் நடுவில் செமஸ்டர் தேர்வு புகுந்துவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த முறை வரலாறு. பயப்பட வேண்டாம், ராஜா ராணி கதை இல்லை. கேக் கதை.

எங்கள் துறை விழாவில் நிதி திரட்ட ஒரு ஸ்டால் போட்டோம். என் வகுப்புத் தோழியின் அம்மா நாற்பது துண்டு வாழைப்பழக் கேக்கும், ஒரு டப்பா நிறைய பட்டர் பிஸ்கட்டும் செய்து கொடுத்தனுப்பியிருந்தார். முதல் துண்டை விற்பதற்குள் பொறுப்பில் இருந்த ஒருவர் வந்து, "இதுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் திருதிருவென்று முழித்தோம். "வீட்ல செஞ்சதை விக்கக் கூடாது. வேணும்னா சும்மா குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது ஒரு துண்டு எடுத்துக்கொண்டார் என்பது தனிக்கதை :-)

சும்மாவே கொடுத்தோம். பத்து நிமிடத்தில் டப்பா காலி. தோழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அம்மா நான்கு வருடங்களாக வீட்டிலேயே கேக் செய்து தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறார். அவள் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்த ஓவனில் இருந்துதான் வருகிறது. "அப்போ எங்கம்மா செய்யறது தப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சும்மா கொடுத்தால் நல்ல கேக், காசு வாங்கினால் கெட்ட கேக் என்றால் இது என்ன கணக்கு? இந்த மாதிரி விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடல் நேராக லண்டனில் போய் நின்றது.

மேசையில் ஒரு ஓட்டை

இங்கிலாந்தில் ரொட்டிக்குச் சட்டம் போட்டது மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266 வாக்கில். அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் அதே காசுக்குச் சின்ன ரொட்டி, இறங்கினால் பெரிய ரொட்டி. (நம்மூரில் விலை ஏற ஏற டீக்கடை வடை சின்னதாகிக்கொண்டே போகிறதே, அதைச் சட்டப்படி செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) எடை குறைத்த பேக்கரிக்காரருக்கு அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் நடுச்சந்தையில் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி நிற்க வைப்பார்கள்.

அப்போது நகரத்து ஏழை வீடுகளில் பெரும்பாலும் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. வீட்டில் மாவைப் பிசைந்து பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வருவார்கள். நம் ஊரில் அரிசியைக் கொண்டுபோய் மில்லில் அரைத்து வருகிற மாதிரி. 1327-ல் லண்டனில் ஜான் பிரிட் என்ற பேக்கரிக்காரர் மாட்டினார். அவர் மாவு வைக்கிற மேசையில் ஒரு ஓட்டை போட்டு அதற்கு மூடியும் வைத்திருந்தார். மேசைக்கு அடியில் ஒரு வேலையாள் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் தன் மாவை மேசையில் வைத்துவிட்டு நிற்கும்போதே, அடியில் இருப்பவர் மூடியைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துவிடுவார். அடப்பாவிகளா! விசாரித்தால் இப்படி ஓட்டை மேசை வைத்திருந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. பிடிபட்டவர்களில், திருடிய மாவோடு சிக்கியவர்களை அந்த மாவைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சந்தையில் நிறுத்தினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் வீட்டில் மாவு பிசைந்த பெண்ணைத் தேடி வரவில்லை. அவள் மாவைத் திருடிய கடைக்காரரைத்தான் தேடி வந்தது.

மிட்டாய் வாங்கிய உயிர்கள்

சட்டமே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 1858-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் சர்க்கரை விலை அதிகம். அதனால் மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரையோடு சுண்ணாம்புக்கல் பொடி, ஜிப்சம் மாதிரியான வெள்ளைப் பொடிகளைக் கலப்பது வழக்கம். ஜோசப் நீல் என்ற மிட்டாய்க்காரர் அந்தப் பொடி வாங்க ஆள் அனுப்பினார். மருந்துக் கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை. கடையில் இருந்த உதவியாளர் தவறான பீப்பாயில் இருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்துவிட்டார். அது ஆர்சனிக். இரண்டுமே வெள்ளைப் பொடி. மிட்டாய் தயாராகி அக்டோபர் 30 அன்று சந்தைக்குப் போனது. சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். வழக்குப் போட்டார்கள், ஆனால் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கலப்படம் செய்வதையே திட்டமாகத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை.

1860-ல் உணவுக் கலப்படத்துக்கு எதிரான முதல் பொதுச் சட்டம் இங்கிலாந்தில் வந்தது. அது பலவீனமாக இருந்ததால் 1875-ல் வலுவான சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1906-லும், சுதந்திர இந்தியாவில் 1954-லும் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் வந்தன.

ஆக, விதி என்பது வேலை இல்லாத அதிகாரி கண்டுபிடித்தது இல்லை. சாப்பிடுபவருக்கும் சமைப்பவருக்கும் நடுவில் மருந்துக் கடைக்காரர், உதவியாளர், மிட்டாய்க்காரர், சந்தை வியாபாரி என்று நாலு பேர் வந்துவிட்டார்கள். யார் கையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் நம்பிக்கைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்ததுதான் சட்டம் என்பது என் எண்ணம்.

எங்கிருந்தோ வந்த பணம்

இதுவரை படித்தபோது சட்டத்தின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. அப்புறம்தான் ஜார்ஜியா கில்மோர் பற்றிப் படித்தேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இவர்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரம். 1955 டிசம்பரில் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது நமக்குப் பாடப் புத்தகத்திலேயே தெரியும். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். அத்தனை ஆயிரம் பேர் வேலைக்குப் போக வேண்டாமா? கார்களை ஏற்பாடு செய்தார்கள். காருக்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். அது எங்கிருந்து வரும்?

ஒரு பகுதி அடுப்பங்கரையில் இருந்து வந்தது. கில்மோர் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். அவரும் சில பெண்களும் வீட்டில் கேக், பை, சாண்ட்விச், பொரித்த கோழி எல்லாம் செய்து அழகு நிலையம், சலவைக்கடை, டாக்ஸி நிற்கும் இடம், வீட்டு வாசல் என்று கொண்டுபோய் விற்றார்கள். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'எங்கிருந்துமில்லாத சங்கம்'.

ஏன் அந்தப் பெயர்? அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். போராட்டத்துக்குப் பணம் தருவது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது கில்மோருக்கு மட்டும்தான் தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் ஆகாது. எதற்கென்று தெரியாமல் வெள்ளையர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். வாராவாரம் நடந்த கூட்டத்தில் கில்மோர் பணத்தைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது கைதட்டல் எழும்.

1956 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் கில்மோர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். உணவக வேலை போனது. கிங்தான் அவரை வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லி, பாத்திரம் பண்டம் வாங்கப் பணமும் கொடுத்து உதவினார். அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில் போராட்டத் தலைவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே திட்டம் போட்டார்கள். 1990 மார்ச்சில், செல்மாவில் இருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியின் 25-ம் ஆண்டு நினைவுக்கு வருபவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த நாளில், அவர் இறந்தார். அவர் செய்து வைத்திருந்த உணவையே துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள்.

இதைப் படித்ததும் எனக்குள் ஒரு குழப்பம். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டில் செய்து விற்கும் பண்டத்தின் மேல் செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. பிராட்ஃபோர்டை நினைத்தால் அது நியாயமான விதி. ஆனால் 1956-ல் அந்தப் பெண்களிடம் பெயர் எழுதச் சொல்லியிருந்தால் அந்தச் சங்கமே இருந்திருக்காது.

குக்கீக்கு வந்த வழக்கு

அமெரிக்காவில் வீட்டு பேக்கிங் சண்டை இந்த நூற்றாண்டிலும் ஓயவில்லை. 2009-ல் பென்சில்வேனியாவின் ரோசெஸ்டரில் ஒரு தேவாலயத்தின் தவக்கால மீன் விருந்தில், பெண்கள் வீட்டில் செய்து கொண்டுவந்த பைகளை விற்கக் கூடாது என்று உணவு ஆய்வாளர் நிறுத்திவிட்டார். (பை என்றால் துணிப்பை இல்லை, ஆப்பிள் வைத்துச் சுடும் பண்டம்!) பெரிய சலசலப்பு ஆகி, அடுத்த வருடமே அந்த மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நிலைமை இன்னும் வினோதமாக இருந்தது. அங்கே வீட்டில் செய்த ஊறுகாயும் ஜாமும் விற்கலாம். தொண்டு அமைப்புகள் வருடத்தில் சில நாட்கள் வீட்டு பிஸ்கட்டை விற்கலாம். ஆனால் ஒரு தனி ஆள் அதே பிஸ்கட்டைத் தன் பிழைப்புக்காக விற்றால் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அப்போது இருந்தது. மூன்று பெண் விவசாயிகள் 2016-ல் வழக்குப் போட்டார்கள். 2017-ல் லஃபயெட் கவுண்டி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தடைக்கும் மக்களின் பாதுகாப்புக்கும் உண்மையான தொடர்பு இல்லை என்பதே அதன் சாரம். கடைசி மாநிலமாக நின்ற நியூ ஜெர்சியும் 2021 அக்டோபரில் வழிவிட்டது. விற்பவர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அறிவியலும் இருக்கிறது. கிருமி வளர ஈரம் வேண்டும். பிஸ்கட்டிலும் உலர்ந்த ரொட்டியிலும் அதற்குக் கிடைக்கும் ஈரம் மிகக் குறைவு. க்ரீமும் கஸ்டர்டும் வெயிலில் நின்றால் ஆபத்து. அதனால்தான் பல மாநிலங்கள் பிஸ்கட்டுக்கு ஒரு விதி, க்ரீம் கேக்குக்கு வேறு விதி என்று பிரித்தன. நம் பாட்டிகள் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். முறுக்கை டப்பாவில் போட்டு ரயிலில் கொடுத்தனுப்புவார்கள். கொழுக்கட்டையைச் சூடாக இருக்கும்போதே தின்றுவிடச் சொல்வார்கள்.

சரி, நம்மூர்?

தோழியின் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-ல் நிறைவேறி, அதன் உரிம விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5-ல் நடைமுறைக்கு வந்தன. அதில் தானே செய்து தானே விற்கும் சிறு தயாரிப்பாளருக்குப் பெரிய லைசென்ஸ் தேவை இல்லை, பதிவு செய்தால் போதும் என்று வைத்தார்கள். அந்த விதிமுறைகளில் வருட விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருப்பவர் இந்த வகை, பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். தற்காலிக ஸ்டால் போடுபவர்கூட இந்த வகைதான். இன்னொரு ஆச்சரியம்: மத விழாவிலும் சமூக நிகழ்ச்சிகளிலும் உணவு விநியோகம் செய்பவரையும் இதே வகையில் சேர்த்திருந்தார்கள்!

அப்படியென்றால் எங்கள் ஸ்டாலுக்கு வந்தவர் சொன்ன இரண்டுமே சரியில்லை. வீட்டில் செய்ததை விற்கலாம், பதிவு இருந்தால். சும்மா கொடுத்தால் சட்டமே கிடையாது என்பதும் அப்படியே உண்மை இல்லை. சட்டம் பார்ப்பது காசை மட்டும் இல்லை, எத்தனை முகம் தெரியாதவர்களின் வாய்க்கு அந்தக் கேக் போகிறது என்பதையும்தான்.

இதைத் தோழியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவள் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் விண்ணப்பம் போட்டோம். "நாலு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சேனேப்பா, இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் அம்மா கேட்டார். அந்த 'ஒளிஞ்சு' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. கில்மோரின் தோழிகள் ஒளிந்ததற்குக் காரணம் இருந்தது. இவர் ஒளிந்ததற்கு ஒரே காரணம், விதியை யாரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

மேசையில் ஓட்டை போட்டவரைப் பிடிக்கச் சட்டம் வேண்டும், ஆர்சனிக்கைத் தடுக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பயந்து அடுப்பை அணைப்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் இருக்கிறார். இவர்களுக்கு இருப்பது ஒரு ஓவன்தான்.

பதிவுச் சான்றிதழ் இப்போது அவர்கள் அடுப்பங்கரையில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த வருட விழாவுக்கு இப்போதே 60 துண்டு ஆர்டர் சொல்லிவிட்டோம். இந்த முறை காசுக்குத்தான் :-)

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு அக்கா, ஒரு அம்மா இருப்பார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.