மூன்று வட்டங்களின் பயணம்

கி.பி. 1404ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில், ஸ்பெயின் தேசத்துக் கஸ்தீல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் தூதராக வந்த ருய் கொன்சாலஸ் தே கிளாவிஹோ, சமர்கந்தை அடைவதற்கு முன் கேஷ் என்னும் ஊரில் தங்கினார். இன்று உஸ்பெகிஸ்தானில் ஷஹ்ரிசப்ஸ் என வழங்கும் ஊர் அது. அமீர் தைமூர் அங்கே எழுப்பிக்கொண்டிருந்த அக் சராய் அரண்மனையைத் தூதருக்குச் சுற்றிக் காட்டினர். இருபது ஆண்டுகளாக வேலை நடந்தும் கட்டடம் முற்றுப்பெறவில்லை. அதன் வாயிலில் சிங்கமும் சூரியனும் பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்ட கிளாவிஹோ, தைமூரின் சொந்தச் சின்னம் அதுவன்று என்றும், முக்கோணமாக அடுக்கிய மூன்று சிறு வட்டங்களே அவருடைய சின்னம் என்றும் தம் பயண நூலில் குறித்துவைத்தார். உலகின் மூன்று பகுதிகளுக்கும் தைமூர் அதிபதி என்பதே அதன் பொருளாம்.

சின்னத்தைப் பற்றிய செய்தியில் ஐயமில்லை. தைமூரின் நாணயங்களில் அம்மூன்று வட்டங்களை இன்றும் காணலாம். ஆனால், அதற்குக் கூறப்பட்ட பொருள் நம்மைத் தயங்க வைக்கிறது. உலகை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என மூன்றாகப் பகுத்துக் காண்பது இடைக்கால ஐரோப்பியரின் வழக்கம். அவர்களுடைய உலகப் படங்களே வட்டத்துக்குள் மூன்று கூறுகளாக வரையப்பட்டவை. முஸ்லிம் புவியியலாளரோ மக்கள் வாழும் நிலத்தை ஏழு இக்லீம்களாகப் பகுத்தனர். ஏழு இக்லீம்களின் வேந்தர் என்று தம்மைப் புகழ்ந்து கொள்ள விரும்பிய ஒருவர் ஏழு வட்டங்களை அல்லவா பொறித்திருப்பார்? தூதர் தம் நாட்டுக் கண்ணாடியை அணிந்தே மூன்று வட்டங்களைப் பார்த்தார் என்று கருத இடமுண்டு.

பிறர் வரைந்த சின்னத்துக்கு நம் மனத்திலுள்ள பொருளை ஏற்றிவிடும் இப்பழக்கம் கிளாவிஹோவோடு முடிந்துவிடவில்லை. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ருஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் (1874-1947) இதே மூன்று வட்டங்களை உலகறியச் செய்தார். மத்திய ஆசியாவெங்கும் பயணம் செய்து, பின்னர் இமயமலைச் சாரலில் குல்லு பள்ளத்தாக்கில் குடியேறி, அங்கேயே இறந்தவர் அவர். போர்க்காலத்தில் கலைச் செல்வங்களையும் கல்வி நிலையங்களையும் தாக்காது காக்க வேண்டும் என்று அவர் வகுத்த உடன்படிக்கையில் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்டன. காக்கப்பட வேண்டிய கட்டடங்களின் மீது பறக்கவிட அவர் தேர்ந்த கொடி, வெண்ணிறத் தளத்தில் ஒரு செவ்வட்டமும் அதனுள் மூன்று செங்கோளங்களும் கொண்டது. கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவற்றை நித்தியம் சூழ்ந்திருப்பது என்றொரு விளக்கமும், சமயம், அறிவு, கலை ஆகியவற்றைப் பண்பாடு சூழ்ந்திருப்பது என்றொரு விளக்கமும் அதற்கு வழங்கின. இந்தியரின் சிந்தாமணியிலும், தைமூரின் முத்திரையிலும், கிறித்தவ ஓவியங்களிலும் காணப்படுவது இந்த ஒரே சின்னந்தான் என்பதும், எல்லா மக்களும் உணர்ந்த ஒரே உண்மையை அது சொல்கிறது என்பதும் ரோரிக்கின் நம்பிக்கை.

உடன்படிக்கையின் நோக்கம் உயர்ந்தது. அதைப் பாராட்டுவதில் நமக்குத் தடையில்லை. ஆயினும், எங்கே மூன்று தென்பட்டாலும் அங்கே ஒரே தத்துவம் இருப்பதாகச் சொல்லும்போது, ஒரு முஸ்லிம் அதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருக்க இயலாது. ஏனெனில், மூன்று என்னும் எண்ணோடு நம் மார்க்கத்துக்கு ஒரு வழக்கு உண்டு. இறைவனை மூவரில் ஒருவனாகக் கொள்வதைத் திருக்குர்ஆன் நிஸா, மாயிதா ஆகிய அத்தியாயங்களில் வெளிப்படையாக மறுக்கிறது. அதற்கு முன்பே, மக்காவில் அருளப்பட்ட நஜ்ம் அத்தியாயம் லாத், உஸ்ஸா, மனாத் என்னும் குறைஷியரின் மூன்று பெண் தெய்வங்களையும் பெயர் சுட்டி, அவை வெறும் பெயர்களே என்று தள்ளியது. தெய்வங்களை மும்மூன்றாக வைத்துப் போற்றுவது அரபு நிலத்திலும் அதன் அண்டை நாடுகளிலும் பழைய வழக்கு. சிரியாவின் பாலைவன நகரமான தத்முரில், அதாவது பல்மைராவில், பேல், யர்ஹிபோல், அக்லிபோல் என்று மூவர் வழிபடப்பட்டனர். இவற்றையெல்லாம் மறுத்து எழுந்த ஏகத்துவத்தை, 'மூன்று என்பது அனைவர்க்கும் பொது' என்னும் ஒரு வரியில் கரைத்துவிடுவது வரலாற்றுக்கும் பொருந்தாது.

அதற்காக மூன்று என்னும் எண்ணே நமக்கு ஆகாதென்பதில்லை. உளூவின்போது உறுப்புகளை மும்முறை கழுவுகிறோம்; ருகூஉவிலும் ஸுஜூதிலும் தஸ்பீஹை மும்முறை ஓதுகிறோம். அல்லாஹ் ஒற்றையானவன், ஒற்றைப்படையை விரும்புகிறான் என்பது ஹதீஸின் கருத்து. இங்கே மூன்று என்பது செயலின் அளவே, இறைவனுக்குரிய தன்மையன்று. நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக வகுத்ததில் எவரும் திரித்துவத்தைத் தேடியதில்லை!

இனி வட்டங்களின் வழியைப் பின்தொடர்வோம். சிந்தாமணி என்ற சொல்லைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. திருத்தக்கதேவரின் சமணக் காப்பியமே அப்பெயர் தாங்கியது. நினைத்ததைத் தரும் மணி அது. பௌத்தத்தில் அவலோகிதேசுவரர் போன்ற போதிசத்துவர்களின் கையில் அது காட்டப்படும். இதனின் வேறானது மும்மணிக் கோட்பாடு. பௌத்தர்க்குப் புத்தர், தருமம், சங்கம் என்பன மும்மணி. சமணர்க்கு நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம். ஒரே சொல்லை ஆண்ட இரு சமயங்களும் வெவ்வேறு பொருளையே கொண்டன. வடிவமும் எங்கும் ஒன்றாக இல்லை. சாஞ்சித் தோரணங்களில் மும்மணியைக் குறிப்பது சூலம் போன்று மூன்று முனைகள் கொண்ட ஓர் உருவமேயன்றி மூன்று உருண்டைகளல்ல. திபெத்தியக் கலையில்தான் தீச்சுடர் சூழ்ந்த மூன்று மணிகளைக் காண்கிறோம். ஆக, ஒற்றை மணியின் கருத்தும் மும்மணியின் கருத்தும் நெடுவழியில் எங்கோ ஒன்றோடொன்று கலந்துள்ளன.

மத்திய ஆசியாவில் இஸ்லாத்துக்கு முன் பௌத்தம் வேரூன்றியிருந்தது. பாக்தாதில் ஹாரூன் ரஷீதுக்கு வஸீர்களாயிருந்த பர்மகீ குடும்பத்தாரின் முன்னோர், பல்க் நகரின் நவ்பஹார் என்னும் பௌத்த விகாரையின் காப்பாளர்கள் அல்லவா? ஆகவே பௌத்த மணிகள் அந்நிலத்தின் நினைவில் தங்கியிருந்து தைமூரிடம் வந்தன என்று சொல்வது எளிது. ஆனால், எளிதென்பதற்காக அதை ஏற்க வேண்டியதில்லை. புல்வெளியில் வாழ்ந்த துருக்கிய, மங்கோலியக் குலங்களுக்குத் தம்கா என்றொரு வழக்கமுண்டு. குதிரைகளின் உடலில் சூடிட்டு, இன்ன குலத்தின் உடைமை எனக் காட்டும் குறி அது. பின்னர் அதுவே அரசரின் முத்திரையாகி நாணயத்திலும் ஏறியது. இன்றைய துருக்கி மொழியிலும் முத்திரைக்கு 'தம்கா' என்பதே பெயர். வட்டம், கோடு, கவை என்று இரும்பில் எளிதாக வளைக்கக் கூடிய உருவங்களே தம்காவுக்கு ஏற்றவை. தைமூரின் மூன்று வட்டங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. 'இது எனது' என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இதைவிட வியப்பானது உதுமானியர் கதை. 1402இல் அங்காராப் போரில் சுல்தான் முதலாம் பாயஸீதைச் சிறைப்பிடித்து, உதுமானிய அரசையே சிதற வைத்தவர் தைமூர். அவருடைய சின்னத்தை அவ்வம்சத்தார் பெருமையோடு அணிவார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்? ஆனால், 15, 16ஆம் நூற்றாண்டுகளின் உதுமானியக் கலையில் எங்கு நோக்கினும் மூன்று உருண்டைகள்! இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள கஃப்தான் அங்கிகளிலும், புர்ஸாவின் மென்பட்டுத் துணிகளிலும், இஸ்னிக்கின் வண்ண ஓடுகளிலும், உஷாக்கின் வெண்தளக் கம்பளங்களிலும் அவை வருகின்றன. பல வேளைகளில் உருண்டைக்குள் ஒரு சிறு வட்டம் ஓரமாக ஒதுங்கி நிற்பதால் உருண்டையே பிறைபோலத் தோன்றும். கூடவே, நெளிந்த இரட்டைக் கோடுகளும் இருக்கும்.

இந்தக் கோடுகளில்தான் திறவுகோல் இருக்கிறது. உதுமானியர் இவ்வடிவத்தைச் சிறுத்தைப் புள்ளி என்றும் புலிக்கோடு என்றும் பொருள்தரும் சொற்களால் குறித்தனர். மூன்று உருண்டைகள் சிறுத்தையின் உடற்புள்ளி. நெளிகோடுகள் புலியின் வரி. ஃபிர்தௌஸியின் ஷாநாமாவில் வீரன் ருஸ்தம் கொடிய விலங்கின் தோலால் ஆன அங்கியை அணிந்து களம்புகுவான். பாரசீக ஓவியர் அதைப் புலித்தோலாகத் தீட்டினர். அவ்வீரத்தைப் பட்டில் நெய்து அணிந்தவர்களே உதுமானிய சுல்தான்கள். அவர்கள் தோளில் கிடந்தது தைமூரின் முத்திரையும் அன்று, பௌத்தரின் மும்மணியும் அன்று. அப்படியாயின் இன்று நூல்களிலெல்லாம் இதற்குச் 'சிந்தாமணி' என்று பெயர் வழங்குவது எப்படி? பௌத்த மணிகளோடு இதற்குள்ள தோற்ற ஒற்றுமையைக் கண்ட பிற்காலக் கலை வரலாற்றாளர் சூட்டிய பெயர் அது. நெய்தவரும் அணிந்தவரும் அப்பெயரை அறிந்தவரல்லர். பெயர் ஒட்டிக்கொண்டது, பெயரோடு பொருளும் ஒட்டிக்கொண்டது. துருக்கியிலேயே இப்போது அதைச் 'சிந்தெமானி' என்கிறார்கள்.

வடிவம் பயணம் செய்ய, பொருள் பின்தங்கிவிடுவதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஒன்றையொன்று துரத்தி வட்டமிடும் மூன்று முயல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காதுகள் தெரியும், எண்ணிப் பார்த்தால் மொத்தம் மூன்றே காதுகள். சீனத்தின் துன்ஹுவாங் குகைகளில், சுய் அரசமரபின் காலத்தில் (581-618), பௌத்த விதானத்தின் நடுவே இதைத் தீட்டினர். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆண்ட ஈரானின் செப்புக்காசில் இது வருகிறது. பிறகு இங்கிலாந்தின் டெவன் பகுதித் தேவாலயக் கூரைகளிலும், ஜெர்மனியின் பாடர்போர்ன் பேராலயச் சாளரத்திலும், 18ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக் கூடங்களின் மர விதானங்களிலும் காண்கிறோம். தேவாலயத்தில் நிற்பவர் இது திரித்துவம் என்கிறார். அதே முயல்களை யூதர் தம் தொழுகைக் கூடத்தில் தீட்டியபோது திரித்துவத்தை எண்ணியிருக்க முடியுமா? பட்டுத்துணியின் மடிப்பிலும் உலோகப் பாத்திரத்தின் அடியிலும் வணிகர் எடுத்துச் சென்ற ஓர் அழகிய புதிர் அது. வாங்கியவர் அவரவர் மனத்துக்கேற்பப் பொருள் சொல்லிக்கொண்டனர், அல்லது பொருள் சொல்லாமலே மகிழ்ந்தனர்.

'அப்படியானால் எச்சின்னமும் வெறும் கோலந்தானா, எதையும் எங்கும் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கலாம். அல்ல. சிலுவை உருவம் பொறித்த எதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் விட்டுவைத்ததில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். உருவங்கள் கொண்ட திரைச்சீலை ஒன்றைப் பெருமானார் வெறுத்தபோது, அன்னையார் அதைக் கிழித்துத் தலையணைகளாக்கினார்கள்; அவற்றின்மீது பெருமானார் சாய்ந்திருந்தார்கள் என்பதும் ஸஹீஹான ஹதீஸே. தொங்கவிட்டபோது தடுக்கப்பட்ட துணி, தலையணையானபோது தடுக்கப்படவில்லை. சிலுவையின் பொருள் அன்றும் இன்றும் அதை ஏந்துவோரிடம் உயிரோடிருப்பது. கஃப்தானின் மூன்று உருண்டைகளுக்கு அவற்றை அணிந்தோரிடம் அத்தகைய பொருள் ஏதும் இருக்கவில்லை. எனவே ஒரு கோட்டுருவத்தை நோக்கி, அது பிறந்த இடம் யாது என்று மட்டும் வினவுதல் போதாது. இப்போது யாரிடம், எந்த இடத்தில், என்ன மதிப்போடு இருக்கிறது என்றும் வினவுதல் வேண்டும். எல்லாம் ஒன்றே என்பவர் இவ்வினாவைக் கேட்பதில்லை. எல்லாம் ஷிர்க் என்று சம்மட்டியைத் தூக்குபவரும் கேட்பதில்லை.

சம்மட்டி என்றது உவமைக்காக அன்று. மேலே குறித்த பல்மைராவின் மூவருக்கென கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்ட பேல் ஆலயம் பிற்காலத்தில் தேவாலயமாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் அதைச் செப்பனிட்டுப் பள்ளிவாசலாக்கினர். 1920கள் வரை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள், அவ்வூர் மக்கள் அதே சுவர்களுக்கிடையே கிப்லாவை நோக்கித் தொழுதனர். பேலையும் யர்ஹிபோலையும் அக்லிபோலையும் நினைப்பார் ஒருவரும் அங்கில்லை. தலைமுறை தலைமுறையாக இமாம்கள் பலர் நின்ற அந்த இடத்தை எவரும் சிலைக்கோயில் என்று இடிக்க எண்ணவில்லை. 2015 ஆகஸ்டு மாதத்தில், தம்மை இஸ்லாமிய அரசு என்று அழைத்துக்கொண்ட கூட்டத்தார், பல்மைராவின் தொல்பொருள்களை நாற்பதாண்டுகள் பேணிய எண்பது வயதைக் கடந்த காலித் அல்-அஸ்அதைப் படுகொலை செய்தனர். அம்மாத இறுதியில் பேல் ஆலயத்தின் கருவறையை வெடிவைத்துத் தகர்த்தனர். எண்ணூறு ஆண்டுகள் ஸுஜூது செய்யப்பட்ட தளமும் அத்தோடு இடிபாடுகளுக்குள் புதைந்தது. கருவறையின் உயர்ந்த கல்வாயில் மட்டும் விழவில்லை.