நைரோபியின் மட்டாட்டு வான்களும் சாரதியின் உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தலைநகரத்தின் வரலாற்றை அதன் அரச மாளிகைகளையும் பாராளுமன்றக் கட்டடத்தையும் கொண்டு எழுதுவது மரபாக இருந்து வந்துள்ளது. ஆயின், அந்நகரின் தொழிலாளர் எவ்வாறு வேலைத்தலத்தை அடைந்தனர், அவர்களை ஏற்றிச் சென்றவர் எவர், அவருக்குரிய கூலி எவ்வழியிற் கிடைத்தது என்னும் வினாக்களும் வரலாற்றுக்குப் புறம்பானவையல்ல. கென்யாவின் தலைநகராகிய நைரோபியில் ஓடும் ‘மட்டாட்டு’ வான்களின் வரலாறு இவ்வகையில் ஆராய்தற்குரியது.

நைரோபி, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி அமைக்கப்பட்ட உகண்டாப் புகையிரதப் பாதையின் இடைத்தளமாக 1899இல் தோன்றிய நகரமாகும். பிரித்தானிய ஆட்சி அதனை இன அடிப்படையிற் கூறுபடுத்தியது. மேற்கேயுள்ள குளிர்ந்த மேட்டுநிலம் ஐரோப்பியருக்கு உரியதாயிற்று. கிழக்கேயுள்ள தாழ்நிலம் ஆபிரிக்கருக்கு விடப்பட்டது. ஆபிரிக்கர் நகரின் நிலையான குடிகளாகவன்றி, வேலை முடிந்ததும் ஊர் திரும்பவேண்டிய கூலிகளாகவே கருதப்பட்டனர். ‘கிப்பாண்டே’ எனப்பட்ட பதிவுச் சான்றினை உலோகக் கூட்டில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுச் செல்ல அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். இவ்வாறு வேலைத்தலமும் குடியிருப்பும் வெகுதொலைவிற் பிரிக்கப்பட்ட நகரில், 1934 முதல் இலண்டன் கம்பனியொன்று பஸ் சேவையை நடத்தியது. பின்னர் ‘கென்யா பஸ் சேவை’ என அறியப்பட்ட அந்நிறுவனத்துக்கே நகரப் போக்குவரத்தின் தனியுரிமை வழங்கப்பட்டிருந்தது.

1963 டிசம்பர் 12இல் நாடு சுதந்திரம் பெற்றது. நகரில் வசிப்பதற்கிருந்த தடைகள் அகன்றதும் கிராமத்தவர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். பஸ் செல்லாத இடங்களிற் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இந்த இடைவெளியை நிரப்பியவையே பழைய கார்களும் சிறு பாரவண்டிகளும் ஆகும். ஆரம்பகாலத்தில் இவற்றின் கட்டணம் 30 சதம்; அதாவது மூன்று பத்துச் சத நாணயங்கள். மூன்று என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்தே ‘மட்டாட்டு’ என்னும் பெயர் பிறந்ததென்பர். இவை சட்டவிரோதமானவை, ஆயினும் மக்களுக்கு இன்றியமையாதவை. இம்முரண்பாடே பிற்கால வரலாறு முழுவதிலும் தொடர்கின்றது.

1973இல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா, போக்குவரத்து அனுமதிச் சபையின் பத்திரம் இன்றியே மட்டாட்டுகள் பயணிகளை ஏற்றலாமெனக் கட்டளையிட்டார். சிறுமுதலீட்டாளருக்கு ஊக்கமளித்த நடவடிக்கையாக இது போற்றப்பட்டது. ஆனால் அதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. நகர மக்களின் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் ஒரு பெரும்பகுதியை அரசு பணச்செலவின்றித் தனியாரிடம் கைமாற்றியது. அப்பொறுப்பின் சுமை இறுதியில் சாரதியின் தோளிலேயே விழுந்தது.

மட்டாட்டு வான்கள் பலவற்றின் உரிமையாளர் அவற்றைத் தாமே ஓட்டுவதில்லை. சாரதி நாள்தோறும் ஒரு குறித்த தொகையை உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும். எரிபொருட் செலவு, தரிப்பிடங்களில் அறவிடப்படும் பணம், வீதியிற் கொடுக்கப்படும் கையூட்டு ஆகியன போக எஞ்சுவதே சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலியாகும். எனவே ஜோகூ வீதியின் நெரிசலிற் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய கூலியைக் குறைப்பதாகும். வான் நிறையும்வரை தரிப்பிடத்திற் காத்திருத்தல், புறப்பட்டபின் மட்டுமீறிய வேகத்தில் ஓடுதல், நடைபாதைமீது ஏறி முந்துதல், இருக்கைகளுக்கு மேலதிகமாக ஆட்களை ஏற்றுதல் என்பன வெறும் ஒழுக்கக்கேட்டின் விளைவுகள் என்று கூறி அமைதல் பொருந்தாது. கூலி கணக்கிடப்படும் முறையே அவற்றைத் தூண்டியது. எனினும், உயிரிழந்த பயணிகளையும் பாதசாரிகளையும் நினைக்குமிடத்து, இவ்விளக்கம் குற்றத்தை மன்னிப்பதற்கான நியாயமாகாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

அரசு இந்நிலையைச் சட்டத்தாற் சீர்செய்ய முற்பட்டது. 1984இன் திருத்தச் சட்டம் மட்டாட்டுகளுக்கு அனுமதிப்பத்திரத்தையும் வாகனப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. 1986இல் அரசு தானே ‘நியாயோ’ பஸ் சேவையை ஆரம்பித்தது; அது 1990களின் நடுப்பகுதியளவிற் சீர்குலைந்தது. இக்காலத்தில் 14 பயணிகள் அமரும் ஜப்பானிய வான் நைரோபி வீதிகளின் அடையாளமாக மாறிற்று.

இவ்வரலாற்றில் முக்கிய திருப்பம், போக்குவரத்து அமைச்சர் ஜோன் மிச்சுக்கி 2003 ஒக்ரோபரில் வெளியிட்ட விதிகளாகும். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற் செல்லாதவாறு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எல்லா இருக்கைகளுக்கும் பட்டி, வண்டியைச் சுற்றி மஞ்சட் கோடு, ஊழியருக்குச் சீருடை, சாரதியின் படம் என்பன விதிக்கப்பட்டன. 2004 பெப்ரவரியில் அவை நடைமுறைக்கு வந்தபோது, தகுதிபெறாத வண்டிகள் வீதியினின்று விலகின. மக்கள் கால்நடையாக வேலைக்குச் சென்றனர். ஆரம்பத்தில் விபத்துகள் குறைந்தன. கண்காணிப்புத் தளர்ந்ததும் பழைய நிலை மீளத் தலைதூக்கியது.

அவ்விதிகளுள் இன்னொன்றும் இருந்தது. சாரதியும் நடத்துநரும் நிரந்தர ஊழியராக அமர்த்தப்பட வேண்டும் என்பதே அது. நோயின் வேரைத் தொட்ட விதி இதுவே எனலாம். ஆனால் மஞ்சட் கோட்டினை வீதியில் நிற்கும் பொலிசார் கண்ணாற் காணமுடியும். உரிமையாளருக்கும் சாரதிக்கும் இடையிலான கணக்கினை அவ்வாறு காணமுடியாது. ஆகவே கண்ணுக்குப் புலப்பட்ட விதிகள் வலியுறுத்தப்பட, புலப்படாத விதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2010க்குப் பின் உரிமையாளர் கூட்டுறவுச் சங்கங்களாக இணைய வேண்டியதாயிற்று; 14 இருக்கை வான்களைப் படிப்படியாக நீக்கும் முயற்சியும் தொடங்கியது. அவ்வாறிருந்தும் நாட்கூலி முறை மறைந்துவிடவில்லை. 2018 டிசம்பர் 3இல் நகர மையத்துள் மட்டாட்டுகள் நுழைவது தடுக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் நடக்க நேர்ந்தது. தடை மிக விரைவிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. நகரம் தான் வெறுக்கும் வண்டியின்றி இயங்க இயலாது என்பதை அன்றைய நிகழ்ச்சி மீண்டும் உணர்த்திற்று.

குடியேற்றவாதம் வகுத்த நகர அமைப்பும், சுதந்திர அரசு கைவிட்ட பொறுப்பும், முதலீட்டாளரின் இலாப நோக்கும் ஒன்றுகூடும் இடமாக வானின் சாரதி ஆசனம் அமைந்துள்ளது. வண்டியின் வேகத்தை ஒரு கருவியாற் கட்டுப்படுத்தலாம். அவ்வேகத்தை வேண்டி நிற்கும் கூலிமுறை மாறாதவரை, கருவியும் அபராதமும் தற்காலிகப் பயனையே தரும் என்பதே நைரோபியின் அனுபவம் புகட்டும் பாடமாகும்.