திடீர் மாற்று

மாலை நாடகம். மதியம் நடிகர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். அவருடைய வேடத்தை இன்னொருவர் அவசர அவசரமாக ஏற்று மேடையேறுகிறார். போலந்து நாடகக்காரர்கள் இதைத் ‘திடீர் மாற்று’ என்று பொருள்படும் ஒரு தொடரால் குறிக்கிறார்கள். இயக்குநர் இஸபெல்லா சிவின்ஸ்கா 1992இல் தம் அமைச்சர் பதவிக்கால நாட்குறிப்பை நூலாக்கியபோது அந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். 1989 செப்டம்பரில் அமைந்த ததேயுஷ் மாஸோவியெத்ஸ்கி அரசில் அவர் கலாச்சார அமைச்சர். அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்.

இந்தத் தலைப்பைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் ஓர் அரங்கையே நிர்வகித்தவர் அவர்.

1935இல் பிறந்த சிவின்ஸ்கா முதலில் படித்தது இனவரைவியல். பிறகே இயக்கம் பயின்று, 1966இல் வார்சா நாடகப் பள்ளியில் பட்டம் பெற்றார். காலிஷ் நகர அரங்கில் மூன்று ஆண்டுகள் பொறுப்பு வகித்தபின் 1973இல் போஸ்னான் நகரின் ‘புதிய அரங்கு’ அவர் கைக்கு வந்தது. எந்த நாடகத்தை எடுப்பது, எந்த இளம் இயக்குநரை அழைப்பது என்று முடிவெடுக்கிற நாற்காலி அது. பெண் படைப்பாளிகளைப் பற்றிப் பேசும்போது படைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நாற்காலியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

போஸ்னானுக்கு ஒரு காயம் இருந்தது. 1956 ஜூன் 28 அன்று, அப்போது ஸ்டாலின் பெயரைத் தாங்கியிருந்த தொழிற்சாலையின் தொழிலாளர்கள் கூலிக்காகவும் ரொட்டிக்காகவும் தெருவில் இறங்கினார்கள். நகரத்துக்குள் டாங்கிகள் வந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். மக்கள் அரசுக்கு எதிராக உயரும் கை வெட்டப்படும் என்று வானொலியில் எச்சரித்தார் பிரதமர். அதன்பின் கால் நூற்றாண்டு அதைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறக்க முடியவில்லை.

1980இல் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்தபோது கொஞ்சம் காற்று வந்தது. அந்த இடைவெளியில், 1981இல், பத்திரிகையாளர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய ‘குற்றம் சாட்டப்பட்டவர்: ஜூன் ஐம்பத்தாறு’ நாடகத்தை சிவின்ஸ்கா மேடையேற்றினார். தலைப்பைக் கவனியுங்கள். கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பது ஆளல்ல, ஒரு மாதம். சுட்டவர்களை விட்டுவிட்டுச் சுடப்பட்டவர்கள் மேல் வழக்கு நடத்திய ஊரில், அந்த வழக்கைத் தெரிந்தவர்கள் முன்னால் நடந்த நாடகம் அது.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. சிவின்ஸ்கா காவலில் வைக்கப்பட்டார். விடுதலைக்குப் பிறகு அதே அரங்கை 1988 வரை நடத்தினார். அடைத்து வைத்ததும் அரசு, அரங்குக்குப் பணம் கொடுத்ததும் அரசு. இதைச் சமரசம் என்று சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள், அரங்கை விட்டுப் போயிருந்தால் அந்த நடிகர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே 1989இல் அமைச்சரானபோது அரசு என்பது என்னவென்று அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். 1990இல் தணிக்கைச் சட்டம் ஒழிந்தது. கூடவே சந்தைப் பொருளாதாரமும் வந்தது, மானியங்கள் சுருங்கின. தணிக்கையாளரிடம் வாதாடிப் பழகிய கலைஞர்கள் இப்போது கணக்குப் பார்க்கிறவர் முன்னால் நின்றார்கள். கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்களுடைய பழைய சக கலைஞர். 1991 தொடக்கத்தில் அந்த அரசோடு அவர் பதவியும் முடிந்தது.

போலிஷ் மொழியில் ‘அமைச்சர்’ ஆண்பால் சொல். அதனால் அவர் ‘திருமதி அமைச்சர்’. இயக்குநருக்குப் பெண்பால் வடிவம் உண்டு: ‘ரெஷிசெர்கா’. ஆனால் அதே சொல் ஒலி, ஒளிப்பதிவுக்கூடத்தின் கட்டுப்பாட்டு அறையையும் குறிக்கும். நம் ‘இயக்குநர்’ இருபாலுக்கும் பொது என்று பெருமைப்படலாம்தான். ஆனாலும் அதன் முன்னால் ‘பெண்’ என்று ஒட்டாமல் நம்மால் எழுத முடிவதில்லை. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பதவிக்குப் பின் கேமரா. 1997இல், அறுபத்திரண்டு வயதில், ‘கடவுளின் லைனிங் துணி’ என்று பொருள்படும் தொலைக்காட்சித் தொடரை இயக்கினார். தெரெஸா லுப்கியெவிச்-உர்பனோவிச் என்ற பெண் எழுத்தாளரின் நாவல் அதற்கு மூலம். களம் வில்னியஸ் சுற்றுவட்டாரம், மையம் ஒரு பெண்ணின் வாழ்க்கை. போருக்குப் பின் போலந்து இழந்த கிழக்குப் பகுதியை மாளிகைகளும் மேன்மக்களுமாக நினைவில் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். திரையில் தெரிந்தது குடி, வறுமை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. இழந்த மண்ணைப் போற்றுகிறவர்கள் அந்த மண்ணில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்பதில்லை. சட்டையின் வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இவர் திருப்பிப் போட்டுக் காட்டினார். 2000இல் ‘பூரிம் அற்புதம்’ என்ற படம்: யூதர்களை வெறுக்கும் ஒருவர் தாமே யூத வம்சம் என்று அறிகிற நகைச்சுவை.

2008இல் எழுபத்துமூன்று வயதில் வார்சாவின் அதெனேயும் அரங்கின் கலை இயக்குநராகி 2011 வரை இருந்தார். 2023 டிசம்பரில், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவர் பிறந்த ஊரின் பெயர் கமியென். கல் என்று பொருள். தம் வாழ்க்கை நூலுக்கு அவர் வைத்த தலைப்பை ‘கமியென் ஊர்ப் பெண்’ என்றும் படிக்கலாம், ‘கல்லாலான பெண்’ என்றும் படிக்கலாம்.